குடிக்காதவனின் சிவந்த முகம்

8 ஜனவரி 2023

வயிற்று டாக்டர் இன்று ஒரு வேலை கொடுத்தார். என்ன சாப்பிடுகிறேன், அதற்குப் பிறகு எப்போது ஓடுகிறேன், இரண்டையும் தினமும் எழுதிக்கொண்டு வர வேண்டுமாம். டயர் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, எடுத்துவிட்டேன். பெரிய மனிதர்கள் டைரியில் நாட்டு நடப்பை எழுதுவார்கள். நான் கக்கூஸ் நடப்பை எழுதப்போகிறேன்.

முறைப்படி தொடங்குகிறேன். பெயர் ஞானசிகாமணி. வயது ஐம்பத்தேழு. பாளையங்கோட்டையில் சாலோம் டிரைவிங் ஸ்கூல் என்னுடையது. மனைவி ரூபாவதி. ஒரே மகள் ஷெர்லின், தூத்துக்குடியில் டீச்சர். ஹாஸ்டலில் தங்கி வாரக் கடைசியில் வருவாள்.

வியாதி இரண்டு. ஒன்று, நினைத்த நேரத்தில் வயிறு போகும். மற்றது முகம். காரணமே இல்லாமல் கழுத்திலிருந்து சூடு ஏறும், முகம் செக்கச்செவேல் என்று ஆகும், நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். நான் நல்ல சிவப்பு என்று சின்ன வயதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அதற்கு இப்போது அனுபவிக்கிறேன். கொஞ்சம் கறுப்பாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

காலை இட்லி, தேங்காய்ச் சட்னி. ஓட்டம் இரண்டு.

9 ஜனவரி

மத்தியானம் மீன் குழம்பு. ஓட்டம் மூன்று. மீன்மேல் தப்பில்லை.

17 ஜனவரி

புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மாளுக்கு வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பாலத்தில் எனக்கு முகம் ஏறிவிட்டது. வியர்த்துக் கொட்டியது. அந்த அம்மாள் ரோட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். “முன்னால பாத்து ஓட்டுங்கம்மா” என்றேன். குரல் வேறு குழறியது.

சாயங்காலம் அவள் கணவர் ஆபீசுக்கு வந்தார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசினார். “சார், பகல்லயே இப்படின்னா எப்படி?” என்றார்.

நான் எழுந்து அவர் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டினேன். மத்தியானம் சாப்பிட்டது பூண்டுக் குழம்பு. அந்த அம்மாள் நாளை முதல் வேறு டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறாள்.

2 பிப்ரவரி

டாக்டர் டைரியைப் படித்துவிட்டு, “உணவில் ஒன்றும் தெரியவில்லை. மனசுக்குள் ஏதாவது அழுத்தம் உண்டா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியும் எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

நவம்பரில் ஷெர்லினுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளையின் அப்பா கனகராஜ் சார், நாசரேத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாஸ்டர் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது எனக்கு முகம் ஏறியது. கண் திறந்தவர்கள் எல்லாரும் முதலில் பார்த்தது என்னைத்தான். தலை சுற்றி, பக்கத்தில் நின்றவர் தோளைப் பிடித்தேன். பக்கத்தில் நின்றவர் கனகராஜ் சார். அதோடு விட்டதா, மோதிரம் மாற்றுகிற நேரத்தில் பின்பக்கமாக ஓடினேன். திரும்பி வந்தேன், மறுபடியும் ஓடினேன். ஒளித்து வைத்த பாட்டிலைப் போய்ப் போய்ப் பார்க்கிறான் என்று யாராவது நினைத்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் சம்பந்தம் நின்று போயிற்று. ரூபாவதி அதை மட்டும் சொன்னாள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. ஷெர்லினும் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான் வாழ்நாளில் குடித்தது கோயில் திருவிருந்தில் கொடுக்கும் திராட்சரசம் மட்டும். ஆனாலும் ரூபாவதி என் ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து பார்க்கிறாள். நான் வீட்டுக்குள் வந்ததும் சட்டையை வாங்கிக்கொள்கிறாள். முன்பெல்லாம் வாங்கமாட்டாள். துவைக்கத்தான் வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

அழுத்தம் ஒன்றும் இல்லை.

20 பிப்ரவரி

வயிற்றில் ஸ்கேன். ஒரு சின்ன வயது டாக்டர் பசையைத் தடவி, சொந்த ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்று பேசிக்கொண்டே பார்த்தார். திடீரென்று பேச்சை நிறுத்தினார். கார் பழகுகிறவர்கள் பேச்சை நிறுத்தினால் எதிரே என்னவோ வருகிறது என்று அர்த்தம். பெரிய டாக்டரைக் கூப்பிட்டார்.

ஈரலில் புள்ளிகளாம். ஒன்றிரண்டு இல்லையாம்.

பெரிய டாக்டர் என்னிடம், “எத்தனை வருஷமா குடிக்கீங்க?” என்று கேட்டார். ரூபாவதி பக்கத்தில் நின்றாள். பதில் சொல்ல வேண்டிய நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

6 மார்ச்

ஈரலில் ஊசி விட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் வந்துவிட்டது. நியூரோஎண்டோகிரைன் டியூமர். பெயரைச் சொல்லப் பழகவே எனக்கு இரண்டு கிளாஸ் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு வகைப் புற்றுநோய், மெதுவாக வளரும் வகை என்றார்கள். சென்னைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மத்தியானம் தயிர்ச் சாதம். ரூபாவதி சாப்பிடவில்லை, ஏதோ உபவாசமாம். திங்கள்கிழமை என்ன உபவாசம்.

14 மார்ச், சென்னை

நெல்லை எக்ஸ்பிரஸில் கக்கூஸ் பக்கத்தில் சீட் வேண்டும் என்று விரும்பிக் கேட்டு வாங்கிய ஒரே பயணி நானாகத்தான் இருப்பேன்.

டாக்டர் பெயர் மதுவந்தி. எனக்கு வாய்த்த டாக்டர் பெயரிலேயே மது. முப்பத்தைந்து வயது இருக்கும். என் டைரியை வாங்கி, பூண்டுக் குழம்பு வரை பொறுமையாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து, “முகம் சிவக்குறது எத்தனை வருஷமா இருக்கு?” என்று கேட்டார்.

“நாலஞ்சு வருஷம் இருக்கும்.”

“எல்லாரும் குடிக்கிறீங்கன்னு சொல்லியிருப்பாங்களே?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் ரூபாவதி பக்கம் திரும்பிச் சொன்னார்: “இந்தக் கட்டி சும்மா இருக்காதும்மா. ஒரு சுரப்ப ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். அதனாலதான் முகம் சிவக்குது, வயிறு போகுது. இவர் குடிக்கவே வேண்டாம். அதுவே எல்லாத்தையும் செஞ்சிரும்.”

எனக்குப் புற்றுநோய் என்பது மறுபடியும் உறுதியான அந்த இடத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்க விரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டி வந்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

ரூபாவதி எழுந்து வெளியே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் எனக்கு ஒரு டீ. அதில் சர்க்கரை போட மறந்துவிட்டாள். நான் சொல்லவில்லை, குடித்துவிட்டேன்.

16 மார்ச்

அந்தச் சுரப்பு எவ்வளவு என்று பார்க்க ஒரு முழு நாளின் சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்கு முன்னால் வாழைப்பழம், தக்காளி, அன்னாசி எதுவும் கூடாது. லாட்ஜிலிருந்து கேனோடு ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “டீசலா சார்? வண்டி எங்க நின்னுபோச்சு?” என்று அக்கறையாகக் கேட்டார். கொஞ்ச தூரத்தில்தான் என்றேன்.

21 மார்ச்

ஈரலில் இருப்பது கிளைகள். வேர் எங்கே இருக்கிறது என்று ஊரில் எடுத்த சி.டி. ஸ்கேனில் தெரியவில்லை. அதனால் இன்று வேறு ஒரு ஸ்கேன். அணு மருத்துவப் பிரிவு என்று போர்டு போட்டிருந்தது. எங்கள் ஜில்லாக்காரனுக்கு அணு என்றால் கூடங்குளம்தான். அதே மாதிரி மஞ்சள் போர்டு, அதே விசிறி அடையாளம். அங்கே வெளியே நின்று பார்த்ததோடு சரி, இங்கே என்னையே உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் மதுவந்தி சுருக்கமாகச் சொன்னார்: “இந்த வகைச் செல்லுங்க மேல கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல போய் மாட்டிக்கிற மருந்துல கொஞ்சம் கதிர் சேர்த்து ஊசி போடுவோம். எங்கெல்லாம் மாட்டுதோ அங்கெல்லாம் படத்துல வெளிச்சமாத் தெரியும்.” அந்த மருந்தைக் காலையில்தான் தயாரிப்பார்களாம். சீக்கிரமே வீரியம் போய்விடுமாம், யாருக்காகவும் காத்திருக்காதாம். எனக்கோ அந்த நேரம் பார்த்து ஓட்டம். நர்ஸ் கதவைத் தட்டி, “சார், மருந்து ரெடி, நீங்க ரெடியா?” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்காக அணுசக்தி வெளியே நின்றது.

குழாய்க்குள் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். கைகளைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டேன். பலகை உள்ளே நகர்ந்தபோது வலது கால் தானாக பிரேக்கை மிதித்தது. “காலை ஆட்டாதீங்க” என்று மைக்கில் குரல் வந்தது.

22 மார்ச்

படத்தைக் காட்டினார்கள். ஈரல் முழுக்கக் கறுப்புப் பொட்டுகள், வெளிச்சம் என்றது படத்தில் கறுப்பாகத்தான் விழுமாம். எதிர்பார்த்ததுதான். அடிவயிற்றில் தனியாக ஒரு சின்னப் பொட்டு. சிறுகுடலின் கடைசியில், நிலக்கடலை அளவு. அதுதான் வேர்.

இத்தனை வருஷம், இத்தனை டாக்டர்கள், இவ்வளவு அவமானம். எல்லாம் ஒரு கடலைக்காக.

“இந்த ஸ்கேன் இல்லாத காலத்துல இதைத் தேடியே பல பேருக்கு வருஷங்கள் போயிரும். இப்ப எங்க இருக்குன்னு தெரியும், என்ன செய்யணும்னும் தெரியும்” என்றார் டாக்டர். முதலில் மாதம் ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே. குணமாகிவிடுமா என்று ரூபாவதி கேட்டாள். “பூராவும் போகும்னு நான் சொல்லமாட்டேன். ரொம்ப நாள் கட்டுக்குள்ள வைக்கலாம்.”

நான் அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

30 ஏப்ரல்

ஊசி வேலை செய்கிறது. ஓட்டம் ஒன்றுதான். முகம் எப்போதாவதுதான் ஏறுகிறது.

போனில் இருக்கும் படத்தை இதுவரை பார்த்தவர்கள்: டீக்கடைக்காரர், சபைக் கமிட்டியில் ஐந்து பேர், ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க், அந்தப் பூண்டுக் குழம்பு அம்மாளின் கணவர். அவர் வருத்தப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “அதெல்லாம் இருக்கட்டும் சார், குடி இல்ல பாத்தீங்களா” என்றேன்.

ரூபாவதிக்குப் பிடிக்கவில்லை. “ஏங்க, கல்யாணப் பத்திரிகை குடுக்க மாதிரி வீடு வீடாப் போயி கான்சரக் காட்டிட்டு அலையுதீங்க. கேக்கவன் என்ன நெனப்பான்?”

“குடிகாரன் இல்லன்னு நெனப்பான்.”

என் சட்டையை அவள் இப்போது வாங்குவதில்லை என்பதைக் கவனித்தேன். நானே அழுக்குக் கூடையில் போடுகிறேன். அவள் மன்னிப்பு கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை, கேட்டால் எனக்கு என்ன செய்வதென்றும் தெரியாது.

12 செப்டம்பர், சென்னை

ஈரலில் இரண்டு பொட்டுகள் பெரிதாகியிருக்கின்றன. புதிதாகவும் ஒன்று. ஊசி மட்டும் போதாதாம்.

அடுத்தது லூட்டீசியம் என்றார் டாக்டர். அதே கொக்கிதான், அதே வழிதான். போன தடவை வெளிச்சம் காட்டுகிற கதிரை அனுப்பினார்கள். இந்தத் தடவை கட்டியைச் சுடுகிற கதிரை அனுப்புவார்கள். நான்கு தடவை, இரண்டு மாத இடைவெளியில். “ஸ்கேன்ல அவ்வளவு நல்லா மாட்டுச்சுல்ல சார், அதனாலதான் உங்களுக்கு இதைக் குடுக்க முடியுது.” வாழ்க்கையில் நான் நல்ல மார்க் எடுத்த பரீட்சை அது ஒன்றுதான் போலிருக்கிறது.

ரயிலில் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

3 அக்டோபர்

ரூபாவதிக்கு கார் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வீட்டில் கார் இருக்கிறது, அவளுக்கும் பொழுது போக வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் கற்றுக் கொடுத்தவன் இப்போதுதான் நினைத்தேன், அவ்வளவுதான்.

“இப்ப எதுக்கு இவ்வளவு அவசரமா?” என்றாள்.

“அவசரம் யாரு சொன்னா? கிளச்ச விடு, மெதுவா.”

அவள் கிளச்சை விடவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐகிரவுண்டு பக்கம் நடு ரோட்டில். பின்னால் ஒரு பஸ்காரர் ஹாரன் அடித்தார். கீழே இறங்கிப் போய், புதுசா பழகுறாங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

14 நவம்பர், சென்னை

முதல் லூட்டீசியம். சிறுநீரகத்தைக் காப்பாற்ற முதலில் ஒரு பெரிய பாட்டில் ஏற்றினார்கள். அதில்தான் வாந்தி வந்தது. கதிர் மருந்து தன் பாட்டுக்குச் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. தனி அறை. சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு நர்ஸ் நகர்ந்து நின்று பேசினார். நான் சாப்பாட்டை எடுத்தபிறகு ஒருவர் கருவியோடு வந்து தூரத்திலிருந்தே என்னை அளந்தார். அது கிரிக் கிரிக் என்று கத்தியது. என்னைப் பார்த்து ஒரு எந்திரம்கூடக் கத்தும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

18 நவம்பர், வீடு

ஒரு வாரம் தனியாக இருக்க வேண்டும். தனித் தட்டு, தனிப் படுக்கை, கக்கூஸில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். யாராக இருந்தாலும் இரண்டு மீட்டர் தூரம். ஸ்டேஷனிலிருந்து ரூபாவதிதான் எல் போர்டோடு கார் ஓட்டி வந்தாள். நான் பின் சீட்டின் மூலையில். எந்தப் பிரேக்கும் என் காலுக்கு எட்டவில்லை. சிக்னலில் அவள் சரியாகத்தான் நின்றாள். ஆனாலும் “நில்லு, நில்லு” என்று கத்தியது நான்தான்.

சாயங்காலம் ஷெர்லின் வந்தாள். முன்னறை ஜன்னலுக்குள் நான். வெளியே கேட் ஓரமாகப் பிளாஸ்டிக் சேரில் அவள். ஸ்கூல் கதை, ஹாஸ்டல் சாம்பார் கதை எல்லாம் பேசினோம். நான் சும்மா இல்லாமல், “அந்தக் கனகராஜ் சாருக்கு இந்த ஸ்கேன் படத்த அனுப்பலாம்னு பாக்கேன். வேண்டாம்னு சொன்னாங்கள்லா, காரணம் தப்புன்னாவது தெரியட்டும்” என்றேன்.

“அவங்க எங்கப்பா வேண்டாம்னு சொன்னாங்க? நாந்தான் சொன்னேன்.”

“என்னது?”

“நிச்சயம் முடிஞ்ச வாரம் மாப்பிள்ள போன் பண்ணினாரு. கல்யாணத்தன்னைக்கு ஒங்கப்பா கோயில்ல முன்னால நிக்க வேண்டாம், ஒங்க சித்தப்பா கையப் பிடிச்சு ஆல்டருக்குக் கூட்டிட்டு வரட்டும்னாரு. எங்கப்பா இருக்கும்போது சித்தப்பா எதுக்குன்னு கேட்டேன். அவரு சிரிச்சாரு. அன்னைக்கே அம்மாட்ட சொல்லிட்டேன், எனக்கு இந்த எடம் வேண்டாம்னு.”

பிறகு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அப்போ நான் குடிக்கலன்னு ஒனக்கு மட்டுமாவது தெரிஞ்சிருக்கு.”

ஷெர்லின் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லப்பா. குடிக்கீங்கன்னுதான் நெனச்சேன்.”

பிறகு எழுந்தாள். ஜன்னல் பக்கமாக நடந்து வந்தாள். “அங்கயே நில்லு” என்றேன். சட்டம் என்றால் சட்டம், நான் டிரைவிங் ஸ்கூல்காரன். அவள் நின்றாள். நானும் நின்றேன். இருட்டும் வரை அப்படியே இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று எதை எதையோ பேசினோம்.

கனகராஜ் சாருக்குப் படம் அனுப்பவில்லை.

19 நவம்பர்

கஞ்சி. பருப்புத் துவையல். வேறு எழுத ஒன்றும் இல்லை.

16 ஜனவரி 2024

புது டைரி. டயர் கம்பெனிக்காரர்கள் இந்த வருஷமும் மறக்கவில்லை. இரண்டாவது லூட்டீசியம் முடிந்தது. கொஞ்சம் சோர்வு. ரூபாவதிக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. எட்டு போடும்போது ஒரு கம்பத்தையும் இடிக்கவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க், “யாரு சார் ட்ரெயினிங்?” என்று கேட்டார். நான் அடக்கமாக இருக்க முயன்றேன். முடியவில்லை.

20 ஆகஸ்ட், சென்னை

நான்கும் முடிந்து மறுபடியும் பழைய ஸ்கேன். டாக்டர் மதுவந்தி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஈரலில் பாதிக்கு மேல் பொட்டுகள் மங்கிவிட்டன. சில இருக்கிற இடமே தெரியவில்லை. கடலை மட்டும் இருக்கிறது, சுருங்கிப்போய்.

“அப்போ போயிரிச்சா?” என்றேன்.

“போகல சார். அடங்கியிருக்கு. மாசாமாசம் ஊசி உண்டு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை என்னை வந்து பாக்கணும். எப்பவாவது திரும்பத் தலையத் தூக்குச்சுன்னா, அப்பப் பாத்துக்கலாம். கையில இன்னும் மருந்து இருக்கு.”

“எத்தனை வருஷம் வந்து பாக்கணும்?”

“எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரொம்ப நாள் இருக்கு” என்றார்.

ரூபாவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வெளியே அடுத்த பேஷண்ட் காத்திருக்கிறார் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. போன் படத்துக்குப் பக்கத்தில் இப்போது இந்தப் படமும் இருக்கிறது. முன், பின் என்று, முடி வளர்க்கிற எண்ணெய் விளம்பரம் மாதிரி.

9 செப்டம்பர்

எங்கள் சபையில் ஒரு கல்யாணம். குடும்பத்தோடு போனோம். பந்தியில் நானும் ரூபாவதியும் பக்கத்தில் பக்கத்தில். ஷெர்லின் எதிர் வரிசையில், கூட வேலை பார்க்கும் டீச்சர்களோடு. பிரியாணி முடிந்து ரசம் சாதம் வந்த நேரத்தில் எதிரே ஒருவர் வந்து நின்றார். கனகராஜ் சார்.

“அடடே, ஞானசிகாமணி சார். பாத்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது” என்றவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். “முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கே. விட்டுட்டீங்க போல.”

எதை என்று அவர் சொல்லவில்லை. கட்டை விரலை மட்டும் வாய்ப் பக்கம் லேசாகக் காட்டினார். கிண்டல் இல்லை. மனதார சந்தோஷப்பட்டுத்தான் கேட்டார். அதுதான் கஷ்டம்.

என் இடது கை சட்டைப் பைக்குப் போயிற்று. போன் அங்கேதான் இருக்கிறது. இந்த ஒரு மனிதருக்குக் காட்டத்தான் அந்தப் படத்தை நான் டாக்டரிடம் கேட்டு வாங்கினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். எதிர் வரிசையில் ஷெர்லின் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். எங்களை அவள் பார்க்கவே இல்லை.

கையைப் பையிலிருந்து எடுத்தேன்.

“ஆமா சார்” என்றேன். “விட்டுட்டேன்.”

“கர்த்தர் நல்லவர்” என்றார் அவர்.

“டாக்டரும் நல்லவங்க சார்.”

என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ரூபாவதிக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது. இருமுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. “கோயில் வளாகத்துல வச்சு இப்படிப் புளுகுதீங்களே” என்கிறாள், மறுபடியும் இருமுகிறாள். நான் அவள் முதுகைத் தட்டினேன். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் இலைக்கு முன்னால் குனிந்துகொண்டு சத்தமாகச் சிரித்தோம். சிரித்ததில் என் முகம் சிவந்திருக்க வேண்டும், காது வரை சூடு தெரிந்தது.

பந்தி முழுக்க எங்களைத்தான் பார்த்தது. பார்க்கட்டும்.